25 எழுத்துகள் குறைந்த மரபணு: எதற்கு அஞ்ச வேண்டும்?

இதய நோய்ப் புறநோயாளர் பகுதிக்கு வருவோரில் சிலர், அண்மைக் காலமாக, மரபணுப் பரிசோதனை அறிக்கையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கக் காண்கிறேன். அவர்களுள் பெரும்பாலோருக்கு மூச்சுத்திணறல் இல்லை; மயக்கம் வந்ததில்லை; எக்கோ பரிசோதனையும் இயல்பாகவே உள்ளது. முழு உடல் பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் கூடுதல் கட்டணம் செலுத்திச் செய்துகொண்ட சோதனையின் முடிவு அது. இதயத் தசைப் புரதத்துக்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் இல்லை என்று அதில் ஒரு வரி அச்சாகியிருக்கும். அந்த ஒரு வரியால் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோனதையும் நான் அறிவேன்.

இன்னொரு வகைக் குடும்பங்களும் உள்ளன. இதயத் தசை தடித்து, நடுவழியில் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் எக்கோ எடுத்துக்கொள்ள அழைத்தால் ஒருவரும் வருவதில்லை. “அவருக்குத்தான் நோய், எங்களுக்கு ஒன்றும் இல்லை” என்பதே விடை. முதல் வகையினரின் அச்சம் தேவைக்கு மிஞ்சியது. இரண்டாம் வகையினரின் துணிவு ஆபத்தானது. இரண்டுக்கும் காரணம், இதயத் தசையில் பரம்பரை என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பது விளங்காமையே என்று கருதுகிறேன்.

மேற்சொன்ன 25 எழுத்து இழப்பின் வரலாற்றில் மதுரைக்குத் தனி இடம் உண்டு. இதயத் தசைத் தடிப்பு நோய் தலைமுறைதோறும் தொடரும் இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, 2003ஆம் ஆண்டில் இது வெளிப்பட்டது. ஏதோ சில குடும்பங்களுக்கு மட்டும் உரியது என்றே அன்று எண்ண இடமிருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றிய பலரும், இதயத் தசை நோயுற்ற 800 பேரையும் நோயற்ற 699 பேரையும் ஒப்பிட்டு, 2009 சனவரியில் நேச்சர் ஜெனிட்டிக்ஸ் இதழில் முடிவை வெளியிட்டனர். இந்த இழப்பு தெற்காசிய மக்களில் ஏறத்தாழ 100 பேரில் 4 பேரிடம் காணப்படுகிறது. நோயுற்றோரிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. இம்மூன்றும் அவர்கள் கண்டவை.

33,000 ஆண்டுகள் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் இன்று சொல்லிக்கொள்ளும் ஊர், குலம், சாதி ஆகிய எவையும் அன்று இல்லை. ஆகவே இது எந்தச் சமூகத்தின் குறையும் அன்று. இம்மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது. தந்தையிடமிருந்தும் வரலாம், தாயிடமிருந்தும் வரலாம், இரு வழிக்கும் வாய்ப்பு ஒன்றே. “உங்கள் வீட்டு இரத்தம்தான் காரணம்” என்று மருமகளைக் குற்றம் சாட்டும் பேச்சு ஆலோசனை அறையிலேயே என் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு அறிவியலில் இடமில்லை.

சரி, இம்மரபணு எதை உருவாக்குகிறது? சித்திரைத் தேரோட்டம் காணாத மதுரைக்காரர் அரிது என்பதால் அதையே துணைக்கு அழைக்கிறேன். மாசி வீதியில் தேர் நகர வேண்டுமாயின் வடம் பிடித்து இழுப்போர் வேண்டும். இதயத் தசை உயிரணுவுக்குள் ஆக்டின் என்னும் மெல்லிய இழை வடம் போன்றது; மயோசின் என்னும் புரதத்தின் தலைகள், வடத்தைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடியும் பற்றும் கைகள் போன்றவை. நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயத்தில் இந்த இழுப்பும் தளர்வும் நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட முறை நிகழ்கின்றன. ஆனால் இழுப்போர் மட்டும் இருந்தால் தேர் நிலைக்கு வந்து சேராது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, எங்கே தடுக்க வேண்டுமோ அங்கே தடுத்து, எங்கே விட வேண்டுமோ அங்கே எடுத்துவிடும் அனுபவசாலிகள் வேண்டும். கூட்டத்தின் கண்ணில் அவர்கள் படுவதில்லை. தேரின் போக்கு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இதயத்தில் அந்த முட்டுக்கட்டைப் பணியைச் செய்வனவற்றுள் முதன்மையானது ‘மயோசின் இணைப்புப் புரதம் சி’. மயோசின் தலைகளில் ஒரு பகுதியை அது மடக்கி ஓய்வில் வைத்திருக்கிறது. தேவை எழும்போது மட்டும் விடுவிக்கிறது. 25 எழுத்து இழப்பு நேர்வது இப்புரதத்துக்கான மரபணுவில்தான். அவ்வெழுத்துகள் இருக்கும் இடம் புரதமாக மாற்றப்படும் பகுதி அன்று. பகுதிகளை வெட்டி ஒட்டுவதற்கு வழிகாட்டும் இடைப்பகுதி. வழிகாட்டுதல் பிசகினால் புரதத்தின் வால்முனை மாறிவிடுகிறது. அந்த வால்முனையால்தான் அது மயோசின் இழையைப் பற்றி நிற்கிறது என்பதால், மாறிய புரதம் தன் இடத்தில் சரியாக அமர்வதில்லை.

இப்படிச் சொல்லும்போதே, “அப்படியானால் இழப்பு உள்ளவருக்கெல்லாம் நோய் வர வேண்டுமே” என்ற கேள்வி எழும். வருவதில்லை. ஒரு இலட்சம் மக்கள் வாழும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். 100க்கு 4 என்றால் அங்கே 4,000 பேரிடம் இந்த இழப்பு இருக்கும். இதயத் தசைத் தடிப்பு நோயோ ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு வருவது; எனவே அதே பகுதியில் 200 நோயாளிகள் இருப்பர். அந்த 200 பேரும் இந்த இழப்பு உள்ளவர்களே என்று வைத்துக்கொண்டாலும் (உண்மையில் அப்படி இல்லை), மீதமுள்ள 3,800 பேருக்கு இந்நோய் இல்லை. ‘பல மடங்கு ஆபத்து’ என்று நாளிதழில் படிக்கும்போது இந்தக் கணக்கு மனத்தில் இருப்பது நல்லது.

பின்வந்த ஆய்வுகள் இதை மேலும் தெளிவாக்கின. அமெரிக்காவில் வாழும் தெற்காசியரிடையே நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, இழப்பு உள்ளோரில் சிறு பகுதியினரிடம் மட்டும் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் உடன் இருப்பதையும், அவர்களது இதயம் அளவுக்கு மிஞ்சிய வேகத்தோடு சுருங்குவதையும் காட்டியது. 2020இல் வெளியான மறு ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. 25 எழுத்து இழப்போடு சேர்ந்தே பயணிக்கும் மிக அரிய வேறோர் எழுத்து மாற்றம்தான் தடிப்பு நோய்க்குக் காரணமாகிறது. அது இல்லாமல் இழப்பு மட்டும் இருப்போருக்கு அந்நோயின் ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை என்றது. அதாவது, பேருந்தில் திருடன் ஒருவன் ஏறியதால் அப்பேருந்தின் பயணிகள் அனைவரையும் ஐயுற்றது போன்ற நிலை. அறிக்கையில் உள்ள ஒரு வரியைக் கொண்டு எவரையும் நோயாளி என்று சொல்ல நான் மறுப்பது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி நம் மருத்துவர்களே நோயாளிகளிடம் போதிய அளவு பேசுவதில்லை. மரபணுவின் எழுத்துகள் பிறப்பிலேயே அமைந்தவை. ஆனால் அவ்வெழுத்துகளின்படி உருவான புரதத்தின்மீது நாள்தோறும், நிமிடந்தோறும் ஒரு மாற்றம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. படி ஏறும்போதோ அச்சம் கொள்ளும்போதோ அட்ரினலின் சுரக்கிறது. அது இதய உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள பீட்டா ஏற்பியைத் தொடுகிறது. உள்ளே ஒரு நொதி எழுப்பப்பட்டு, முட்டுக்கட்டைப் புரதத்தின் குறிப்பிட்ட சில இடங்களில் பாஸ்பேட் என்னும் சிறு இரசாயனத் துண்டை ஒட்டுகிறது. ஒட்டியவுடன் புரதத்தின் பிடி தளர்கிறது. ஓய்விலிருந்த மயோசின் தலைகள் விடுபடுகின்றன. இதயம் வலுவாகச் சுருங்குகிறது. அதே வேளையில் டிரோபோனின் என்னும் மற்றொரு புரதத்திலும் பாஸ்பேட் ஏறுவதால் இதயம் விரைவாகத் தளரவும் முடிகிறது. ஓய்வு வந்ததும் வேறொரு நொதி பாஸ்பேட்டை அகற்றிவிடும். கட்டை எடுப்பதும் கொடுப்பதும் இதுவே.

இத்துறையில் முன்னோடியான ஆய்வுகளைச் செய்தவர்களுள் ஒருவரான சக்திவேல் சடையப்பன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். பாஸ்பேட் ஒட்டுவதற்குரிய இடங்களே இல்லாதபடி இப்புரதத்தை மாற்றியமைத்த எலிகளில், புரதம் இருந்தும் இதயம் சரிவரச் சுருங்கவில்லை என்று அவரும் உடன் பணியாற்றியோரும் 2005இல் காட்டினர். பாஸ்பேட் எப்போதும் ஏறியிருப்பது போல் அமைத்த எலிகளின் இதயம், இரத்தம் தடைபடும்போது நேரும் சேதத்தை நன்கு தாங்கியது என்று அடுத்த ஆண்டு வெளிவந்தது. எலியின் இதயம் நிமிடத்துக்கு 600 முறையளவு துடிப்பது. அதற்கேற்ற விரைவான மயோசின் வகை அதில் உள்ளது. மனித இதயத்தின் கீழறைகளில் இருப்பதோ பெரும்பாலும் மெதுவான வகை. எலிக்குப் பொருந்துவதெல்லாம் நமக்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது. எனினும், செயலிழந்துவரும் மனித இதயங்களிலும் இப்புரதத்தில் பாஸ்பேட் குறைந்திருப்பதைப் பல ஆய்வகங்கள் கண்டுள்ளன.

நோயாளிக்கு இதனால் என்ன பயன் என்றால், எழுத்தை மாற்ற நம்மால் இயலாது, பாஸ்பேட்டின் போக்கை மாற்ற இயலும் என்பதே. உங்களுள் பலர் உட்கொள்ளும் மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரைகள் அட்ரினலின் தொடும் வாயிலில்தான் நிற்கின்றன. தசை தடித்த இதயத்தில் அவை துடிப்பின் வேகத்தைக் குறைத்து, அறைகள் நிரம்ப நேரம் தருகின்றன. வலுவிழந்த இதயத்தில் அவற்றின் பணி வேறு: இடைவிடாத அட்ரினலின் நெருக்கடியால் மரத்துப்போன ஏற்பிகள், மாதக்கணக்கில் ஓய்வு பெற்று, மீண்டும் உணர்வு பெறுகின்றன. மாதக்கணக்கில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். “இரண்டு வாரம் சாப்பிட்டேன், ஒரு மாற்றமும் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன்” என்று சொல்வோர், பயன் தொடங்கும் முன்பே கைவிடுகின்றனர். இம்மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்தும்கூட. நிறுத்த நேர்ந்தால் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மயோசின் தலைகளையே நேரடியாக ஓய்வுக்கு அனுப்பும் மாவகாம்டென் என்னும் மருந்துக்கு 2022 ஏப்ரலில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. தடித்த தசை இரத்தப் பாதையை மறிக்கும் நோயாளிகளுக்கு உரியது அது. அளவு மிஞ்சினால் இதயத்தின் வலுவே குறைந்துவிடும் என்பதால் எக்கோவில் அடிக்கடி கண்காணித்துக்கொண்டே தர வேண்டும். இணையத்தில் பெயரைப் பார்த்துவிட்டு உறவினர் மூலம் வரவழைத்துக்கொள்ளும் மருந்து அன்று.

இரத்தப் பாதை மறிக்கப்படும் இவ்வகை நோயாளிகளின் வீட்டாருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. நெஞ்சு வலி என்றவுடன் நாக்கின் அடியில் மாத்திரை வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவியுள்ளது. இரத்தக் குழாய் அடைப்பு உள்ளவருக்கு அது உதவும். தசை தடித்துப் பாதை மறிக்கப்பட்டவருக்கோ மறிப்பு கூடி மயக்கம் வரலாம். ஒரே வீட்டில் தந்தைக்கு அடைப்பும் மகனுக்குத் தசைத் தடிப்பும் இருக்கும்போது ஒருவருடைய மாத்திரையை மற்றவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். உடலில் நீர் வற்றினாலும் இதே விளைவுதான். சித்திரை வெயிலில் அழகர் எதிர்சேவைக்காகத் தண்ணீர் குடிக்காமல் நெடுநேரம் நிற்பதும், வயிற்றுப்போக்கை ஓரிரு நாள் பொருட்படுத்தாமல் விடுவதும் இவர்களுக்கு ஆகாது.

இப்போது முதலில் சொன்ன இரண்டாம் வகைக் குடும்பத்தினரிடம் வருகிறேன். நோய் உறுதியான ஒருவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர் இசிஜியும் எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நோயாளியிடம் காணப்பட்டது இந்த 25 எழுத்து இழப்பா, மயோசின் மரபணுவிலேயே உள்ள மாற்றமா, ஒன்றுமே அகப்படவில்லையா என்பது இந்த அறிவுரையை மாற்றாது. தடிப்பு நோயாளர் பலரிடம் எந்த மரபணு மாற்றமும் அகப்படுவதில்லை. அதனால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. ஒரு முறை இயல்பாக இருந்தாலும் அத்துடன் முடிவதில்லை. வளரும் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் திரும்பப் பார்க்க வேண்டும். தசை பல வேளைகளில் பதின்ம வயதில்தான் தடிக்கத் தொடங்குகிறது.

பதின்ம வயதைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடும் இளைஞர்களையும், அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் அவனியாபுரத்திலும் களம் இறங்கப் பயிற்சி செய்வோரையும் நாம் அறிவோம். இளம் வயதினர் கடும் உழைப்பின்போது திடீரென மாரடங்கி இறப்பதற்கு உலகெங்கும் அறியப்பட்ட காரணங்களுள் தசைத் தடிப்பு நோயும் ஒன்று. நாடியையும் இரத்த அழுத்தத்தையும் மட்டும் பார்க்கும் சோதனையில் இது பெரும்பாலும் பிடிபடாது. ஓடும்போது மயங்கியவன் “வெறும் வயிற்றில் ஓடினேன்” என்று சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு விடாதீர்கள். ஓட்டத்தின் நடுவே வரும் மயக்கத்துக்கு எக்கோ பார்த்தே ஆக வேண்டும்.

அப்படியானால் எல்லாருக்கும் மரபணுச் சோதனை செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை ஆதரிக்கவில்லை. 100 பேரில் 4 பேரிடம் உள்ள ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து அவர்களை அச்சுறுத்துவதால் எவர் உயிரும் காக்கப்படாது. அப்பணம் பல உறவினரின் எக்கோ செலவுக்கு ஈடாகும். நோயுற்றவரிடம் தெளிவான காரண மாற்றம் கண்டறியப்பட்டபின், அதே மாற்றம் உறவினரிடம் உண்டா என்று பார்ப்பது வேறு. அது பயனுள்ளது, இல்லை என்று தெரிந்தால் அந்த உறவினர் ஆண்டுக்கணக்கான கண்காணிப்பிலிருந்து விடுபடுகிறார். அறிக்கையோடு ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருமுறை எக்கோவும் இசிஜியும் பார்ப்போம், இயல்பாக இருந்தால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து, நடுவயதில் மறுபடியும் ஒருமுறை பார்ப்போம். வாழ்க்கையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. திருமணத்தை நிறுத்த வேண்டியதில்லை.

திருமணத்தில் ஒரே ஒரு விலக்கு. நம் பகுதியில் தாய்மாமனையும் அத்தை, மாமன் பிள்ளைகளையும் மணப்பது நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் குறித்துத் தீர்ப்புச் சொல்வது என் வேலை அன்று. ஆனால் குடும்பத்தில் இதயத் தசை நோய் உறுதியாகியிருந்தால், உறவுக்குள் மணமுடிக்கும் முன் இரு தரப்பாரும் இதய மருத்துவரைச் சந்திக்க வேண்டும். தாய், தந்தை இருவரிடமும் ஒரே மாற்றம் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது இரு பிரதிகளாகச் சேர்வதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சரியான பிரதி ஒன்றுகூட இல்லாத குழந்தைக்கு நோய் பச்சிளம் பருவத்திலேயே கடுமையாக வெளிப்படக்கூடும்.

உறவினரை எக்கோவுக்கு அழைத்துவரும்போது, நோயாளியின் பழைய எக்கோ அறிக்கைகளை எடுத்து வாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, இரு தலைமுறைகளில் ஐம்பது வயதுக்குள் இறந்தவர்களின் பெயரையும் வயதையும் ஒரு தாளில் எழுதுங்கள். தூக்கத்திலேயே போய்விட்டார், களத்துமேட்டில் சாய்ந்துவிட்டார் என்று சொல்லப்படும் இறப்புகளை விட்டுவிடாதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் கிணற்றிலோ கண்மாயிலோ மூழ்கினார் என்ற செய்தி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போது அவர் நீந்திக்கொண்டிருந்தாரா, கரையில் நின்றபோது விழுந்தாரா என்பதையும் தெரிந்தவரிடம் கேட்டு வாருங்கள்.